திறன்பேசியில் செயலி நிறுவும் உரிமை: தருமபுரியை முன்வைத்து ஒரு வரலாறு

திறன்பேசியை விலை கொடுத்து வாங்கியவர், அதில் எந்தச் செயலியை நிறுவலாம், எதை நீக்கலாம் என்பதைத் தாமே முடிவு செய்ய முடியுமா என்பது இன்று உலகெங்கும் விவாதிக்கப்படும் கேள்வி. மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் இக்கேள்வி பெரும்பாலும் எழுந்ததில்லை. குறுவட்டிலோ பென்டிரைவிலோ இணையத்திலோ கிடைத்த மென்பொருளை உரிமையாளரே நிறுவிக்கொண்டார். திறன்பேசியில் நிலைமை வேறு. ஐபோனில் 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்ட நாள் முதல் பெரும்பாலும் அந்தக் கடை ஒன்றுதான் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் காரணமாக 2024 மார்ச் முதல் பிற கடைகளுக்கும் ஆப்பிள் இடமளித்தது. ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே என்ற முன்வாசல் இருந்தாலும், ஏபிகே கோப்பை நேரடியாக நிறுவும் பின்வாசலும் தொடக்கம் முதல் திறந்திருந்தது. அந்தப் பின்வாசல் கடந்த சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறுகி வருகிறது.

இந்த மாற்றம் எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிக்கப்பட்டு உருவான மாவட்டம் இது. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 15,06,843 பேர் வாழ்ந்தனர், பெரும்பான்மையோர் கிராமப்புறத்தவர். எழுத்தறிவு 68.54 விழுக்காடு. அக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே இது குறைந்த அளவு. வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள் நிறைந்த ஊர்கள் இவை. இத்தகைய குடும்பங்களில் திறன்பேசியே வீட்டின் ஒரே கணினி. வங்கி, ரேஷன், பள்ளிப் பாடம், பிள்ளைகளோடு பேச்சு எல்லாம் அதற்குள்ளேதான். சென்னையில் மடிக்கணினியும் திறன்பேசியும் வைத்திருப்பவருக்கு ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருக்கும். அரூரிலோ பென்னாகரத்திலோ கைபேசி மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே செயலி நிறுவும் உரிமையின் வரலாற்றை இத்தகைய ஒரு மாவட்டத்திலிருந்து பார்ப்பது பொருத்தமானது.

முன்கதை: உரிமம் வாங்கிய வானொலி

சொந்தப் பணத்தில் வாங்கிய கருவியை வைத்துக்கொள்ளவே அனுமதி தேவைப்பட்ட காலம் ஒன்று இந்தியாவில் இருந்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வானொலிப் பெட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வானொலி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகத்தைப் புதுப்பித்தார்கள். பழைய வீடுகளின் பரண்களில் அந்தப் புத்தகங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1980களில்தான் இந்த முறை ஒழிந்தது.

தொலைபேசியும் அப்படித்தான். இணைப்பு மட்டுமல்ல, வீட்டில் இருந்த கருவியும் தொலைபேசித் துறையுடையதாகவே நீண்ட காலம் இருந்தது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம், தன் இணைப்பில் பிறர் செய்த கருவிகளை இணைக்கக் கூடாது என்று தடுத்துவந்தது. தாமஸ் கார்ட்டர் என்பவர் உருவாக்கிய கார்ட்டர்போன் என்ற கருவி தொடர்பான வழக்கில், 1968இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அந்தத் தடை செல்லாது என்று முடிவு செய்தது. வலைப்பின்னலுக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. மோடம்களும் பதிலுரைக்கும் கருவிகளும் வீடுகளில் பரவ அந்த முடிவு வழிசெய்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி விதிக்கப்படும் தடை எவ்வளவு தேவை, அதில் வணிக நலன் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

மெமரி கார்டு காலம்

2000களில் சாதாரணக் கைபேசிகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களை எட்டியபோது, நிறுவுதல் என்பது பெரும்பாலும் கடைக்காரரின் வேலையாக இருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய கைபேசிக் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு, படம், ஜாவா விளையாட்டு எல்லாவற்றையும் ஏற்றித் தருவார்கள். பிறகு ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் புளூடூத் வழியே அவை பரவின. இணையமே தேவைப்படவில்லை.

கட்டுப்பாட்டின் முதல் அடையாளமும் அக்காலத்திலேயே தெரிந்தது. நோக்கியாவின் உயர்விலைக் கைபேசிகளில் இருந்த சிம்பியன் இயங்குதளம், அதன் 9ஆம் பதிப்பு முதல், முக்கியமான அனுமதிகள் கேட்கும் செயலிகளுக்கு மின்னொப்பம் வேண்டும் என்றது. ஒப்பம் இல்லாத செயலியை நிறுவ முயன்றால் சான்றிதழ்ப் பிழை என்று வரும். சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் கைபேசியின் தேதியைப் பின்னால் தள்ளிவைத்து நிறுவிய கதையை அக்காலப் பயனர்கள் பலர் சொல்வார்கள்.

தமிழ் பேசுவோருக்கு இந்தச் சுதந்திரம் பொழுதுபோக்கு மட்டுமல்ல, தேவையும் ஆகும். கைபேசி நிறுவனங்கள் தமிழை உள்ளே வைத்துத் தரும்வரை காத்திருந்தால் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதலாம் என்று அது காட்டியது. தமிழ் எழுத்துரு இல்லாத கைபேசிகளில் தமிழ்த் தளங்களைப் படிக்க, ஓபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை இயக்கினார்கள். இவை எல்லாம் பயனர் தன் கைபேசியில் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைக்க முடிந்ததால் நடந்தவை.

அதே காலத்தில் மடிக்கணினியும் தமிழ்நாட்டு மாணவர்களின் கைக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க கால மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. மாணவர் இரண்டையும் அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவினாலும் கருவி வேலை செய்தது. இன்று அந்த மாணவரின் கையில் உள்ள திறன்பேசியில் இதே அளவு எளிதாக இயங்குதளத்தை மாற்ற முடியாது.

ஆண்ட்ராய்டின் பின்வாசல்

முதல் ஆண்ட்ராய்டு கைபேசியும், ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்ற செயலிக் கடையும் 2008இல் வந்தன. 2012 மார்ச்சில் அந்தக் கடை கூகுள் பிளே என்று பெயர் மாறியது. அமைப்புகளுக்குள் ‘அறியப்படாத மூலங்கள்’ என்ற ஒரு கட்டம் இருந்தது. அதில் குறியிட்டால் எங்கிருந்து கிடைத்த ஏபிகே கோப்பையும் நிறுவலாம். 2010இல் எஃப்-ட்ராய்டு என்ற கடை தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள்கள் மட்டுமே அதில் இடம்பெறும். செயலிகளை அவற்றின் மூலநிரலிலிருந்து தாமே உருவாக்கித் தருவது அதன் வழக்கம். பயனர் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் தர வேண்டியதில்லை. இந்திய மொழிகளுக்கான கட்டற்ற விசைப்பலகையான இண்டிக் கீபோர்டு போன்றவை கூகுள் பிளேயிலும் கிடைத்தன, எஃப்-ட்ராய்டிலும் கிடைத்தன.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கிய பிறகு மலிவான தரவு கிராமங்களை எட்டியது. ஆனால் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் இருப்பவர்களுக்கு அலைவரிசை எப்போதும் கைகொடுப்பதில்லை. ஷேர்இட், செண்டர் போன்ற செயலிகள் இங்கே உதவின. இரண்டு கைபேசிகளை அருகருகே வைத்து, இணையம் இல்லாமலேயே செயலியை மாற்றிக்கொள்ளலாம். மெமரி கார்டு காலத்தின் பழக்கம் புதிய வடிவில் தொடர்ந்தது.

2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 இந்தப் பின்வாசலின் பூட்டை மாற்றியது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கட்டம் போய், எந்தச் செயலி வழியாக நிறுவுகிறோமோ அதற்குத் தனித்தனியே அனுமதி தரும் முறை வந்தது. உலாவிக்கு அனுமதி தந்தால் வாட்ஸ்அப்புக்குத் தந்ததாகாது. இது உண்மையிலேயே நல்ல மாற்றம். பயனரின் உரிமையைக் குறைக்காமல் பாதுகாப்பைக் கூட்டியது. கட்டுப்பாடு எல்லாமே தீங்கு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சான்று.

ஒரே வாசலில் நீதிமன்ற ஆணை: டிக்டாக், 2019

செயலிக் கடை ஒரு காவல்வாசலாகச் செயல்பட முடியும் என்பதை இந்தியா முதலில் பெரிய அளவில் உணர்ந்தது தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு வழக்கில். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைப் பதிவிறக்குவதைத் தடைசெய்ய வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. சிறுவர்களின் நலன் குறித்த கவலையே அந்த ஆணையின் அடிப்படை. சில நாள்களில் கூகுள், ஆப்பிள் இரண்டின் கடைகளிலிருந்தும் டிக்டாக் மறைந்தது. ஏப்ரல் 24 அன்று அதே நீதிமன்றம் தடையை நீக்கியது.

அந்த இடைப்பட்ட நாள்களில் ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களின் கைபேசியில் டிக்டாக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வேண்டியவர்கள் ஏபிகே கோப்பாக வாங்கிக்கொள்ளவும் முடிந்தது. எனவே ஆணை முழுமையாகப் பலிக்கவில்லை எனலாம். ஆனால் ஒன்று தெளிவானது: இரண்டு நிறுவனங்களிடம் சொன்னால் போதும், நாடு முழுவதும் ஒரு செயலி கண்ணிலிருந்து மறைந்துவிடும். 2020 ஜூன் 29 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் ஒன்றிய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது அந்தப் பாடம் முழு அளவில் பயன்பட்டது. டிக்டாக்குடன் ஷேர்இட், செண்டர், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நாட்டின் பாதுகாப்பும் இறையாண்மையும் அரசு கூறிய காரணம். இணையமில்லாமல் செயலி மாற்றிக்கொள்ள உதவிய கருவிகளும் அத்தோடு போயின.

போட்டி ஆணையத்தின் தீர்ப்பு, 2022

அதே 2019 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு குறித்து ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டது. சட்டத்துறையைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் கொடுத்த புகார் அதற்கு அடிப்படை. 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைவிடப் பயனருக்கு முக்கியமானவை அதனோடு வந்த கட்டளைகள். முன்பே நிறுவப்பட்ட கூகுள் செயலிகளை நீக்குவதைத் தடுக்கக் கூடாது. கூகுள் பிளே வழியே பிற செயலிக் கடைகளும் கிடைக்க இடமளிக்க வேண்டும். செயலிகளை நேரடியாக நிறுவுவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பன அவற்றுள் சில. ‘பின்வாசலை அடைக்காதே’ என்று ஓர் இந்திய அமைப்பு எழுத்தில் சொன்ன அரிய தருணம் அது.

கூகுள் மேல்முறையீடு செய்தது. 2023 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதிக்க மறுத்தது. ஆனால் 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அபராதத்தை உறுதிசெய்துவிட்டு, நான்கு கட்டளைகளை நீக்கியது. மேலே சொன்ன மூன்றும் அந்த நான்கில் அடங்கும். அதாவது அபராதம் நின்றது, பயனரின் கைக்கு நேரடியாக உரிமை தந்த பகுதிகள் போயின. இரு தரப்பும் உச்ச நீதிமன்றத்தை அணுகின.

இதன் விளைவை 2024 பிப்ரவரி 21 அன்று போன்பே தொடங்கிய இண்டஸ் செயலிக் கடையில் காணலாம். தமிழ் உள்ளிட்ட 12 இந்திய மொழிகளில் அது கிடைத்தது. ஆனால் அதைக் கூகுள் பிளேயில் பெற முடியவில்லை. தருமபுரியில் ஒருவர் தமிழில் இயங்கும் அந்தக் கடையைத் தன் கைபேசியில் வைக்க விரும்பினால், இணையதளத்திலிருந்து ஏபிகே கோப்பைப் பதிவிறக்கி, ‘இது ஆபத்தாக இருக்கலாம்’ என்ற எச்சரிக்கையைத் தாண்டித்தான் நிறுவ வேண்டும். நேர்மையான கடையும் மோசடிக்காரரின் கோப்பும் ஒரே வாசலில், ஒரே எச்சரிக்கையோடு நிற்கின்றன. எதை நம்புவது என்பதைப் பயனரே கண்டறிய வேண்டியிருக்கிறது.

சென்னை நிறுவனத்தின் செயலி மறைந்த நாள்

வாசலை வைத்திருப்பவருக்குக் கட்டணம் கேட்கும் வலிமையும் இருக்கிறது. செயலிக்குள் நடக்கும் டிஜிட்டல் விற்பனைக்குக் கூகுள் வசூலிக்கும் பங்கு 15 முதல் 30 விழுக்காடு என்ற அளவில் இருந்தது. 2022 அக்டோபர் 25 அன்று போட்டி ஆணையம் இந்தக் கட்டண முறை தொடர்பாகக் கூகுளுக்கு இன்னொரு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மாற்றுக் கட்டண வழியை அனுமதித்து, அவ்வழியில் செல்வோருக்குத் தன் பங்கில் 4 விழுக்காட்டுப் புள்ளிகளைக் குறைத்தது. இது பெயரளவு மாற்றமே என்றன இந்திய நிறுவனங்கள்.

பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனமான மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. இவை போட்டி ஆணையத்தின் முன் செல்ல வேண்டிய விவகாரங்கள் என்று கூறி 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி அவற்றை நிராகரித்தார். 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. 2024 மார்ச் 1 அன்று கூகுள் பத்து நிறுவனங்களின் செயலிகளை நீக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வரன் பார்க்கப் பயன்படுத்திய செயலிகள் ஒரே நாளில் கடையில் இல்லாமல் போயின. ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதைக் கண்டித்தார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு சில நாள்களில் செயலிகள் தற்காலிகமாகத் திரும்பி வந்தன.

இந்த நிகழ்வில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். கடை நடத்துபவர் கட்டணம் கேட்பது இயல்பே. ஆனால் செயலியைப் பயன்படுத்தியவர்களுக்கும் அந்தக் கட்டணத் தகராறுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு, மூன்றாமவரின் கைபேசியில் வந்து விழுந்தது.

மோசடி என்ற உண்மையான காரணம்

கட்டுப்பாடுகளை ஆதரிப்போர் சொல்லும் காரணம் கற்பனையன்று. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரிலும், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும், பிஎம் கிசான் உதவித்தொகை என்ற பெயரிலும் ஏபிகே கோப்புகள் வருகின்றன. திறந்து நிறுவினால், அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்கும். அனுமதி தந்ததும் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் மோசடிக்காரருக்குப் போய்விடும். 2023 ஜூலை 24 அன்று மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம்களை முதலமைச்சர் தொடங்கிவைத்தது தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான். அந்தத் தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வருவது. கணக்கைத் திறக்கும் சாவியோ கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் இருக்கிறது. எழுத்தறிவு குறைந்த இடத்தில், ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கையை வாசிக்காமல் ‘சரி’ என்று அழுத்துவோர் ஏராளம். எனவே பின்வாசல் திறந்தே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கூகுள் இதற்குப் படிப்படியாகப் பூட்டுகள் போட்டது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து நிறுவிய செயலிகள் அணுகல்தன்மைச் சேவை போன்ற ஆபத்தான அனுமதிகளை எளிதில் பெற முடியாதபடி செய்தது. 2024 அக்டோபரில், உலாவி, செய்திச் செயலி, கோப்பு மேலாளி வழியாக வரும் ஏபிகே கோப்பு, குறுஞ்செய்தி போன்றவற்றுக்கு அனுமதி கேட்டால் நிறுவலையே தடுத்துவிடும் சோதனைத் திட்டத்தை இந்தியாவில் அறிவித்தது. இதே முறை அதற்கு முன் சிங்கப்பூரில் தொடங்கியிருந்தது. இவை மோசடி நடக்கும் இடத்தைக் குறிவைக்கும் பூட்டுகள். தீங்கு செய்யும் அனுமதியைத் தடுக்கின்றன. தமிழ் விசைப்பலகையையோ மின்னூல் செயலியையோ தொடுவதில்லை.

2025: அடையாள அட்டை கேட்கும் வாசல்

2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்த திட்டம் இவற்றிலிருந்து வேறுபட்டது. கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டுக் கைபேசிகளில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநரின் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும் என்பது அதன் சாரம். கூகுள் பிளேக்கு வெளியே வழங்கப்படும் செயலிக்கும் இது பொருந்தும். உருவாக்குநர் கூகுளிடம் தம் பெயர், முகவரி, அடையாள ஆவணம் ஆகியவற்றைத் தர வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் பிற நாடுகளுக்கு விரிவாக்கப்படும் என்று கூறப்பட்டது. இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில், பிளேயில் உள்ளதைவிட 50 மடங்குக்கும் அதிகமான தீநிரல்கள் காணப்படுவதாகக் கூகுள் காரணம் சொன்னது.

எஃப்-ட்ராய்டு 2025 செப்டம்பரில் இதைக் கடுமையாக எதிர்த்தது. தன்னார்வலர்கள் எழுதிய செயலிகளை அது தானே உருவாக்கி வழங்குகிறது. அந்தத் தன்னார்வலர்களைக் கூகுளிடம் பதிவுசெய்யும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது, அவர்கள் செயலிகளைத் தன் பெயரில் பதிவுசெய்துகொள்வதும் முறையன்று. எனவே இந்த விதி தன் இருப்பையே முடித்துவிடும் என்றது. எதிர்ப்புகளுக்குப் பின், 2025 நவம்பரில் கூகுள் சற்று இறங்கி வந்தது. ஆபத்தை அறிந்து ஏற்கும் அனுபவமுள்ள பயனர்கள் சரிபார்க்கப்படாத செயலிகளையும் நிறுவ ஒரு தனி வழி அமைக்கப்படும் என்றது. மாணவர்களும் பொழுதுபோக்காகச் செயலி எழுதுவோரும் குறைந்த எண்ணிக்கையிலான கருவிகளுக்கு வழங்க ஒரு கணக்கு வகையும் உண்டு என்றது.

இங்கே எழும் கேள்வி செயலி எழுதுபவரைப் பற்றியதும் ஆகும். ஒரு கல்லூரி மாணவி தன் ஊர்ப் பேருந்து நேரங்களுக்கு ஒரு செயலி எழுதி, ஊராருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இதுவரை அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இனி, முதலில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் தம் அடையாளத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய ஊரார் ஒவ்வொருவரும் ‘அனுபவமுள்ள பயனர்’ ஆக வேண்டும்.

அதே ஆண்டில் வாசலின் மறுபக்கமும் தெரிந்தது. 2025 நவம்பர் 28 தேதியிட்ட ஆணையில் ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறை, புதிய கைபேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்பே நிறுவித் தர வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்க இடமிருக்கக் கூடாது என்று உற்பத்தியாளர்களிடம் கூறியது. தொலைந்த கைபேசியை முடக்கவும் மோசடி அழைப்புகளைப் புகார் செய்யவும் உதவும் பயனுள்ள செயலிதான் அது. ஆனால் நீக்க முடியாத அரசுச் செயலி என்பது தனியுரிமைக்கு எதிரானது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. பயனர் விரும்பாததை உள்ளே வைப்பதும் விரும்பியதை உள்ளே விடாமல் தடுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு பயன்பாடுகள் என்பது அந்தச் சில நாள்களில் பலருக்கும் புரிந்தது.

பயனர் கையில் மிஞ்சியிருப்பவை

இந்த வரலாற்றைப் படிக்கும் மாணவர் தம் கைபேசியில் இன்றே சிலவற்றைப் பார்க்கலாம். அமைப்புகளில் ‘அறியப்படாத செயலிகளை நிறுவுதல்’ என்ற பகுதியைத் திறந்தால், எந்தெந்தச் செயலிக்கு அந்த அனுமதி இருக்கிறது என்று தெரியும். வாட்ஸ்அப்புக்கும் கோப்பு மேலாளிக்கும் அதை மூடிவைப்பது நல்லது. எஃப்-ட்ராய்டு போன்ற ஒரு நம்பகமான கடைக்கு மட்டும் திறந்து வைக்கலாம். செய்தியில் வந்த ஏபிகே கோப்பை, அனுப்பியவர் உறவினரே ஆனாலும், நிறுவக் கூடாது; அவருடைய கைபேசியே பிறர் வசம் போயிருக்கலாம். குறுஞ்செய்தி, அணுகல்தன்மை ஆகிய அனுமதிகளைக் கேட்கும் எந்தப் புதிய செயலியையும் சந்தேகிக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கணினி இருந்தால், அதனுடன் கைபேசியை இணைத்து ஏடிபி என்ற கருவி வழியே செயலி நிறுவும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். புதிய விதிகளிலும் இவ்வழி தொடரும் என்று கூகுள் கூறியுள்ளது. புதுக் கைபேசி வாங்குமுன், அதன் இயங்குதளத்தை மாற்ற உற்பத்தியாளர் அனுமதிக்கிறாரா, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் தருவார் என்று கேட்கலாம். ஆனால் இயங்குதளத்தை மாற்றிய கைபேசிகளில் பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கைபேசி ஒன்றையே நம்பியிருக்கும் வீட்டில் அந்தச் சோதனையைச் செய்வது புத்திசாலித்தனமன்று. ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்திருந்தால், செயலி ஒன்று மறைந்தாலும் அதிலிருந்தவை மறையாது.

முடிவுரை

வானொலி உரிமத்திலிருந்து அடையாளச் சரிபார்ப்பு வரை பார்க்கும்போது ஒரு போக்கு தெரிகிறது. ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒரு நியாயமான காரணத்தோடு வந்தது: சிறுவர் நலன், நாட்டுப் பாதுகாப்பு, மோசடித் தடுப்பு. ஆனால் எல்லாச் செயலியும் ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆனபிறகு, கட்டணத் தகராறு, அரசாணை என முதலில் சொல்லப்படாத பலவற்றுக்கும் அதே வாசல் பயன்பட்டது. அதே நேரத்தில், 2023இல் தீர்ப்பாயத்தில் உரிமைகள் சில பறிபோனாலும், 2025 நவம்பரிலும் டிசம்பரிலும் மக்கள் குரல் எழுப்பியதால் ஒரு பெருநிறுவனமும் ஓர் அரசுத் துறையும் தம் முடிவுகளைத் தளர்த்தின. இந்தியாவுக்கு இந்த விதி வந்துசேருமுன் மீதமிருக்கும் காலம் பேசுவதற்கான காலம். அந்தப் பேச்சில், மோசடியால் பணத்தை இழக்கும் பாலக்கோட்டு விவசாயியின் குரலும், தானே எழுதிய செயலியை ஊராருக்குத் தர நினைக்கும் மாணவியின் குரலும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும். ஆபத்தான அனுமதிகளை மட்டும் தடுக்கும் பூட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டதால், ஒருவரைக் காக்க இன்னொருவரின் வழியை அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.